வால்வு வயதாகிச் சாவது அபூர்வம்

ஹாம் ரேடியோவுக்கு லீனியர் என்ற பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், உள்ளே இருக்கிற வால்வு எத்தனை மணி நேரம் வரும்?" எல்இடி பல்பின் அட்டையில் அச்சடித்திருப்பதைப் போல வால்வு என்கிற இந்த வெற்றிடக் குழாய்க்கும் ஓர் எண் இருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்கிறார்கள். 3,000, 5,000, 10,000 என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவார்கள். நான் சொல்வதில்லை. ஹாம்களின் கையில் ஒரு வால்வு தன் மணிக்கணக்கை முடித்துவிட்டுச் சாவது அபூர்வம். என் மேஜைக்கு வந்த செத்த வால்வுகளில் பெரும்பாலானவை கொல்லப்பட்டவை. எது கொன்றது என்று தெரிந்துகொண்டால் மணிக்கணக்கைப் பற்றிய கவலை பாதி குறைந்துவிடும்.

ஹாம் ரேடியோ பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம். ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேச உரிமம் வைத்திருப்பவர்கள், சிற்றலையில் பேசப் பயன்படுத்தும் சாதாரண டிரான்ஸீவர் 100 வாட் தரும். அது போதாதபோது அதற்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் வைப்போம். அதுதான் லீனியர். இந்தியாவில் ஜெனரல் கிரேடு உரிமத்துக்கு வரம்பு 400 வாட், அமெரிக்காவில் 1,500 வாட். டிரான்ஸிஸ்டர் லீனியர்கள் வந்து வெகுநாளாகிவிட்டது, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனாலும் 1970-களில் ஹீத்கிட் விற்ற எஸ்பி-220 மாதிரியான வால்வு பெட்டிகள் இன்னும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்குள் இருப்பவை இரண்டு 3-500இசட் வால்வுகள். கென்வுட் டிஎல்-922-இலும் அதே ஜோடி. அமெரிட்ரான் ஏஎல்-80பி-யில் ஒன்று. ஆகவே இங்கே அதிகம் பேசப்போவது 3-500இசட்டைப் பற்றித்தான்.

இந்த வால்வைக் கொண்டுவந்த ஐமேக் கம்பெனியே ஹாம்கள் ஆரம்பித்ததுதான். கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 1934-இல் பில் ஐட்டெல், ஜாக் மெக்கல்லா என்ற இரண்டு ஹாம்கள் சேர்ந்து தொடங்கினார்கள். இருவர் பெயரின் முன்பகுதியும் சேர்ந்ததுதான் ஐமேக். அவர்கள் கண்ணாடி வால்வுக்கு வைத்த தரம் வேறு மாதிரி. இன்று புதிதாகக் கிடைக்கும் 3-500இசட்டுகள் பெரும்பாலும் சீனாவில் செய்தவை. மோசம் என்று சொல்லமாட்டேன், நல்லதும் வருகிறது, சொதப்பலும் வருகிறது. பழைய ஐமேக் வால்வில் அந்தச் சந்தேகமே எனக்கு வந்ததில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒலிபரப்பு நிலையங்களில் இதே வகை ஃபிலமென்ட் உள்ள பெரிய வால்வுகள் ஒழுங்காகப் பராமரித்தால் 10,000 மணி நேரத்தைத் தாண்டுவது பழக்கமான விஷயம். அங்கே டிரான்ஸ்மிட்டர் காலையிலிருந்து நள்ளிரவு வரை முழுப் பவரில் ஓடும். நம்முடைய கதை அப்படியா? மாலையில் இரண்டு மணி நேரம் லீனியரை ஆன் செய்கிற ஒரு ஹாம், வருஷத்தில் 300 நாள் அப்படிச் செய்தாலும் 600 மணி நேரம்தான். 10,000-த்தை எட்ட 16 வருஷத்துக்கு மேல் ஆகும். அதில் பேசுகிற நேரம் எவ்வளவு? பாதிக்கு மேல் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். நிஜத்தில் வருஷத்துக்கு 300 நாள் லீனியர் போடுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை. வார இறுதியில் ஒரு போட்டி, எப்போதாவது ஒரு அபூர்வ தீவிலிருந்து பேசுகிறவரைப் பிடிப்பது, அவ்வளவுதான். இந்த வேகத்தில் ஒரு நல்ல வால்வு அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகவேண்டும். பல நேரங்களில் போகவும் செய்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து டிஸ்போசலில் வந்த 813 வால்வை வைத்து இன்றும் லீனியர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. இந்த வால்வில் தேய்வது பேசுகிற நேரத்தில் அல்ல. ஃபிலமென்ட் எரிகிற நேரம் முழுக்கத் தேய்கிறது.

3-500இசட்டின் ஃபிலமென்ட் தோரியம் கலந்த டங்ஸ்டன். டங்ஸ்டன் கம்பிக்குள் ஒன்றிரண்டு சதவீதம் தோரியம் ஆக்ஸைடு இருக்கும். கம்பியின் மேற்புறத்தைக் கார்பன் ஏற்றி டங்ஸ்டன் கார்பைடாக மாற்றியிருப்பார்கள். கம்பி சுமார் 2,000 கெல்வினுக்குச் சூடாகும்போது இந்தக் கார்பைடு, தோரியம் ஆக்ஸைடிலிருந்து தோரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும். அந்தத் தோரியம் மேற்பரப்புக்கு வந்து ஓர் அணு கனத்துக்குப் படலமாகப் படியும். எலக்ட்ரான்கள் சுலபமாக வெளியேறுவது அந்தப் படலத்தால்தான். மேலே இருப்பது ஆவியாகிப் போகப்போக அடியிலிருந்து புதிது வரும். தோரியம் தீர்ந்து வால்வு சாவதில்லை, அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. தீர்வது கார்பன். கார்பைடு முழுக்கக் கரைந்த நாளில் எமிஷன், அதாவது எலக்ட்ரான் வெளியேற்றம், சட்டென்று படுத்துவிடும். ஃபிலமென்ட் பளிச்சென்று எரியும், பவர் மட்டும் வராது. வயதாகிச் சாவது என்றால் இதுதான்.

கார்பன் எவ்வளவு வேகமாகத் தீரும் என்பது ஃபிலமென்டின் வெப்பத்தைப் பொறுத்தது. இங்கேதான் நம் ஊர் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஐமேக் கம்பெனி டிரான்ஸ்மிட்டர் இன்ஜினீயர்களுக்குச் சொல்லும் கட்டைவிரல் விதி இது: ஃபிலமென்ட் வோல்டேஜ் 3 சதவீதம் கூடினால் வெப்பம் 20 கெல்வின் கூடும், கார்பன் தீர்வதால் வரும் ஆயுள் பாதியாகும். 3 சதவீதம் என்பது 5 வோல்ட்டில் வெறும் 0.15. இந்த வால்வுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை.

இப்போது வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள். பெயரளவில் 230 வோல்ட். எங்கள் பகுதியில் மாலை ஏழு மணிக்கு எல்லோர் வீட்டிலும் ஏசி ஓடும்போது 215-க்கு இறங்கும். இரவு பதினொன்றுக்கு மேல், அதாவது 40 மீட்டர் அலைவரிசையில் தூர நாடுகள் நன்றாகக் கேட்கத் தொடங்கி நான் லீனியரைப் போடுகிற நேரத்தில், 250-ஐத் தொடும். டிரான்ஸ்ஃபார்மர் 230 டேப்பில் (வீட்டு வோல்டேஜுக்கு ஏற்பக் கம்பி மாட்டும் முனை) இருந்தால் ஃபிலமென்டுக்குப் போவது 5.4 வோல்ட்டுக்கு மேல். மேலே சொன்ன விதியை மூன்று தடவை அடுக்கினால் ஆயுள் சுமார் எட்டில் ஒரு பங்கு. 10,000 மணி நேரம் வரவேண்டிய வால்வு 1,300-க்குச் சுருங்கிவிடுகிறது. யாரும் எதையும் தப்பாகச் செய்யவில்லை. பெட்டியின் பின்பக்கம் ஒரு கம்பி தவறான டேப்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் லீனியர் எது வாங்கினாலும் நான் செய்யச் சொல்லும் முதல் காரியம் ஃபிலமென்ட் வோல்டேஜை அளப்பது. சாக்கெட்டின் 1, 5 பின்களில், அதுவும் வால்வு செருகி எரியும்போது அளக்கவேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் முனையில் அளந்து திருப்திப்பட்டால் நடுவில் இருக்கும் வயரிலும் ஃபிலமென்ட் சோக்கிலும் விழும் வோல்டேஜ் கணக்கில் வராது. ஆனால் ஒன்று. அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே 3,000 வோல்ட் இருக்கிறது. ஹை வோல்டேஜைத் துண்டித்து, கெப்பாசிட்டர்கள் வடிந்ததை உறுதி செய்து, மீட்டரின் வயர்களை முதலில் மாட்டிவிட்டு அப்புறம்தான் ஸ்விட்ச் போடவேண்டும். ஃபிலமென்டுக்கும் ஹை வோல்டேஜுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டிகளில் இதற்குத் தனி ஏற்பாடு தேவை. தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ரேடியோவில் நான் பயப்படுகிற ஒரே விஷயம் இதுதான்.

வோல்டேஜ் குறைந்தால் ஆயுள் கூடும்தானே, 4.5-க்கு இறக்கிவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒலிபரப்புக்காரர்கள் செய்வார்கள், ஆனால் முறையாக. புது வால்வை முதல் 200 மணி நேரம் முழு வோல்டேஜில் ஓட்டிவிட்டு, பிறகு மெல்ல இறக்கிக்கொண்டே அவுட்புட்டைக் கவனிப்பார்கள். எங்கே குறையத் தொடங்குகிறதோ அந்த இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துவார்கள். எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் பேசும்போது குரலின் உச்சிகளுக்கு எமிஷன் போதாவிட்டால் உச்சி தட்டையாகி பக்கத்து அலைவரிசையில் இருப்பவர் காதில் இரைச்சலாக விழும். வருஷத்துக்கு 300 மணி நேரம் ஓட்டுகிற நமக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. 5.25-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். சர்வோ ஸ்டெபிலைசர் ஒன்றோ, டேப்பை மாற்றுவதோ, எது வசதியோ அது.

அடுத்த கொலைகாரன் வால்வுக்கு வெளியே இருக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த ரிப்பேரும் இதுதான்.

3-500இசட்டின் அடியில் ஐந்து பின்கள். அவை உள்ளே பொள்ளலான குழாய்கள். கண்ணாடிக்குள்ளிருந்து வரும் கம்பி அந்தக் குழாய்க்குள் இறங்கி, ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஃபிலமென்ட் இழுப்பது 14.5 ஆம்பியர். சாக்கெட்டின் கவ்வி தளர்ந்து அந்த இணைப்பில் 0.02 ஓம் வந்துவிட்டது என்று வையுங்கள். ஒன்றுமில்லாத எண்ணாகத் தெரியும். ஆனால் அதில் 0.29 வோல்ட் விழும், நாலு வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரு பின்னில் மட்டும் இறங்கும். கூடவே மேலே இருந்து பிளேட்டின் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு) சூடும், ஃபிலமென்டின் சூடும். அடிப்பக்கக் கண்ணாடி இணைப்புகள் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது விதி. சாதாரண ஈயம் 183 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். ஃபேனில் தூசி அடைத்து காற்று குறைந்தால் கதை முடிந்தது. ஈயம் பின்னிலிருந்து துளித்துளியாக வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கும். வால்வு ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது, கையால் தட்டினால் மறுபடி எரியும். உரிமையாளர் "ஃபிலமென்ட் போய்விட்டது" என்று முடிவு கட்டிப் புதிதாக ஆர்டர் போட்டுவிடுவார்.

இப்படி ஒதுக்கப்பட்ட வால்வு எது வந்தாலும் நான் முதலில் பின்னின் நுனியைத்தான் பார்ப்பேன். நல்ல பின்னின் நுனியில் ஈயம் சின்னக் குமிழாகப் பளபளக்கும். கெட்டதில் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளம் இருக்கும், சில சமயம் நடுவில் கம்பியின் முனையே எட்டிப்பார்க்கும். உப்புத்தாள் போட்டுப் பின்னின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, நுனி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வால்வைத் துணியில் படுக்கவைத்து, பெரிய பிட் போட்ட சால்டரிங் அயர்னால் பின்னைச் சூடாக்கினால், ஃப்ளக்ஸ் லேசாகப் புகைந்து, புது ஈயம் ஒரு நொடியில் உள்ளே உறிஞ்சப்படும். அதிக வெப்பத்தில் உருகும் வகை ஈயம் கிடைத்தால் இன்னும் நல்லது. வெளியே வழிந்ததை அரத்தால் தேய்த்து, சாக்கெட்டின் கவ்விகளையும் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு காபி குடிக்கிற நேரம். பழைய இரும்புக்காரனிடம் போகவிருந்த வால்வு மறுபடி 14.5 ஆம்பியரில் பிரகாசமாக எரிவதைப் பார்க்கும் திருப்தி இருக்கிறதே, அது புது வால்வு வாங்கியவருக்குக் கிடைக்காது.

மேல்பக்கமும் இதே கதைதான். தலையில் மாட்டும் பிளேட் கேப் வெறும் இணைப்பு மட்டுமல்ல, வெப்பத்தை வெளியேற்றும் ஃபின் அது. அந்த இடத்துக்கு 225 டிகிரி வரம்பு. ஸ்க்ரூ தளர்ந்தாலோ, கேப் தொலைந்துபோய் யாராவது ஒரு கிளிப்பை மாட்டியிருந்தாலோ கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் வரும், காற்று உள்ளே போகும். அதற்கு வைத்தியம் இல்லை.

இன்னொரு பக்கம், பிளேட் சிவப்பதைப் பார்த்து அலறுகிறவர்கள். 3-500இசட்டின் பிளேட் மங்கலான சிவப்புக்குப் போவது குறையல்ல. ஐமேக் பிளேட்டின் மேல் சர்க்கோனியம் பூசியிருப்பார்கள். அது சூடானால்தான் உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சும். வெயில் காலத்தில் ஏசி அறையில் மெத்தென்று ஓட்டி, பிளேட்டை ஒருநாளும் சிவக்கவிடாமல் "பத்திரமாக" வைத்திருக்கிறவர் வால்வுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார். அது உள்ளுக்குள் வாயு சேர உதவுகிறது. கிராஃபைட் பிளேட் போட்ட வகைகளில் வாயு உறிஞ்சும் பொருள் வேறு இடத்தில் இருக்கும், அவை இப்படிச் சிவக்கத் தேவையில்லை. எரிகிற ஆரஞ்சு, மஞ்சள் என்று போனால் மட்டும் கையை எடுங்கள்.

அந்த நிறத்துக்குப் போவது பெரும்பாலும் ட்யூனிங் தப்பினால். பிளேட் கன்டென்சர் ரெசனன்ஸில் இல்லையென்றால் உள்ளே போகும் பவர் ஆன்டெனாவுக்குப் போகாமல் பிளேட்டிலேயே சூடாகிறது. லோடு குறைவாக இருந்தால் கிரிட் (ஃபிலமென்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் உள்ள கம்பி வலை) கரன்ட் எகிறும். 3-500இசட்டின் கிரிட் தாங்கும் சூடு வெறும் 20 வாட். பிளேட் 500 வாட் தாங்கும், அதுவும் சிவந்து எச்சரிக்கும். கிரிட் எச்சரிக்காது. அதனால் ட்யூன் செய்யும்போது பிளேட் மீட்டரைவிடக் கிரிட் மீட்டரில்தான் கண் இருக்கவேண்டும். டிரான்ஸீவரின் டிரைவை, அதாவது அது லீனியருக்குள் அனுப்பும் பவரை, குறைத்து, சில நொடிகள் மட்டும் கீ அழுத்தி, விட்டு, மறுபடி. பழைய டிவி ஹாரிசான்டல் அவுட்புட் வால்வுகளை இறுதிக்கட்டத்தில் போட்ட டிரான்ஸீவர்கள் இருந்தனவே, யேசு எஃப்டி-101 போல, அவற்றில் இந்த ஒழுக்கம் இன்னும் கடுமை. ட்யூன் ஆகாமல் அரை நிமிடம் கீ அழுத்திப் பிடித்தால் வால்வு காலி. அதே காலத்து கென்வுட்டில் இருந்த 6146 வகை வால்வுகள் பொறுமைசாலிகள், பத்து இருபது வருஷம் கழித்தும் முழுப் பவர் தருகின்றன.

அப்புறம் எஃப்டி8. 2017-இல் வந்து இன்று ஹாம் அலைவரிசைகளில் பாதியைப் பிடித்துக்கொண்ட டிஜிட்டல் முறை. 15 நொடி வட்டத்தில் 12.6 நொடி தொடர்ச்சியாக முழு கேரியர் (இடைவெளி இல்லாத முழுப் பவர் சிக்னல்), அடுத்த 15 நொடி கேட்பு, மறுபடி கேரியர். மனிதக் குரலில் உச்சிகள் எப்போதாவதுதான் வரும், சராசரி பவர் மிகக் குறைவு. அந்தக் கணக்கை நம்பித்தான் பல மலிவு லீனியர்களைக் கட்டினார்கள். மூன்று 811ஏ வால்வை வைத்து 600 வாட் என்று விற்பதைப் பாருங்கள். ஒரு 811ஏ-யின் பிளேட் தாங்குவது 65 வாட். மூன்றுக்கும் சேர்த்து 195. பேச்சுக்குச் சரி, எஃப்டி8-க்கு அதே பவரை எடுத்தால் பிளேட்டில் ஓட்டை விழும். நான் இந்த முறையில் 811ஏ லீனியரை 200 வாட்டுக்கு மேல் ஓட்டமாட்டேன். அந்த முறையே பலவீனமான சிக்னலுக்காகச் செய்தது, அதற்கு எதற்கு லீனியர் என்பது என் தனிப்பட்ட முணுமுணுப்பு.

இதுவரை சொன்னது எல்லாம் தோரியம் வகைக்கு. ஆக்ஸைடு கேத்தோடு (எலக்ட்ரானை வெளிவிடும் பகுதி) உள்ள வால்வுகளுக்கு இதில் பாதி அப்படியே தலைகீழ். 8877, 4சிஎக்ஸ்250பி, ரஷ்ய ஜியு-74பி போன்ற பீங்கான் உலோக வால்வுகள் இந்த வகை. பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடு பூசிய கேத்தோடு, அதைச் சூடாக்க உள்ளே தனி ஹீட்டர். கேத்தோடு 1,100 கெல்வின் வாக்கில் வேலை செய்யும், அதாவது மங்கிய செம்மை. இவற்றில் ஹீட்டர் வோல்டேஜைக் குறைத்து ஆயுளைக் கூட்ட நினைத்தால், ஆறிப்போன கேத்தோடிலிருந்து வலுக்கட்டாயமாகக் கரன்ட் இழுத்துப் பூச்சையே பாழாக்கிவிடுவீர்கள். 3-500இசட் ஸ்விட்ச் போட்ட சில நொடிகளில் தயார். 8877-க்கு மூன்று நிமிடம் காத்திருக்கவேண்டும். ஜியு-74பி வைத்த ஏகாம் 1000 லீனியர் இரண்டரை நிமிடம் கழியாமல் உங்களை விடவே விடாது. அந்த டைமரைத் தாண்டிப்போக வயரிங் மாற்றுகிறவர்களுக்கு நான் உதவி செய்வதில்லை. கிரிட் விஷயத்தில் 8877 இன்னும் மென்மையானது. டிரைவ் கொஞ்சம் கூடினால் போதும், புது டிரான்ஸீவர் ஒன்றின் விலை ஒரு கணத்தில் போய்விடும்.

ஆன் செய்து அணைப்பதே வால்வைக் கொல்கிறது, எப்போதும் எரியவிடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இதற்குப் பழைய உதாரணம் ஒரு கம்ப்யூட்டர். 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டிய எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். பழுதுகள் பெரும்பாலும் சூடாகும்போதும் ஆறும்போதும் வந்ததால், அதை அணைப்பதையே நிறுத்திவிட்டார்கள். பழுது இரண்டு நாளைக்கு ஒரு வால்வு என்ற அளவுக்குக் குறைந்தது. இன்னும் பெரிய சாதனை கடலுக்கு அடியில் நடந்தது. 1956-இல் ஸ்காட்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே போட்ட முதல் அட்லாண்டிக் தொலைபேசிக் கேபிளான டிஏடி-1-இல் 306 வால்வுகள் கடலடியில் இருந்தன. மாற்ற வழியே இல்லாத இடம். மிகக் குறைந்த கரன்டில், குறைந்த கேத்தோடு வெப்பத்தில், ஒருநாளும் அணையாமல், கேபிளுக்கு ஓய்வு கொடுத்த 1978 வரை 22 வருஷம் வேலை செய்தன.

ஆனால் அவை ஆக்ஸைடு கேத்தோடு வகை, சின்ன வால்வுகள். அதைப் பார்த்து 3-500இசட்டை இரவும் பகலும் எரியவிட்டால் வருஷத்துக்கு 8,760 மணி நேரம் கார்பன் தீரும். முதல் கணக்கில் 16 வருஷம் வந்த வால்வு ஒரு வருஷம் சொச்சத்தில் தன் காலத்தை முடித்துக்கொள்ளும், ஒரு வார்த்தை பேசாமலே. சில நொடியில் தயாராகிற வால்வை எதற்கு எரியவிடவேண்டும்? சாப்பிடப் போகிறீர்களா, அணைத்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடத்தில் திரும்புவதாக இருந்தால் எரியட்டும். குளிர்ந்த டங்ஸ்டனின் ரெசிஸ்டன்ஸ் சூடானதில் பத்தில் ஒரு பங்கு என்பதால் முதல் கணத்தில் கரன்ட் பாயும், அது உண்மை. பல பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மரே அதை ஓரளவு அடக்கிவிடும். மனசு கேட்காதவர்கள் ஒரு ரிலேயும் ரெசிஸ்டரும் போட்டு ஸ்டெப் ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். நீண்ட நேரம் பேசி முடித்த உடனே மட்டும் அணைக்காதீர்கள். ஃபேன் இரண்டு மூன்று நிமிடம் ஓடி சூட்டை வெளியேற்றட்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பதால் சாகிற வால்வுகள் உண்டு. பெட்டியில் பத்து இருபது வருஷம் கிடந்த கண்ணாடி வால்வுக்குள் வாயு சேரும். கண்ணாடி உலோக இணைப்பின் வழியாக மெதுவாகக் கசியும், உள்ளே இருக்கும் உலோகங்களும் வெளிவிடும். சென்னை ரிச்சி தெருவில் தேடிப்பிடித்து, பெட்டி கலையாமல் வாங்கிய "புது" வால்வை நேராக 3,000 வோல்ட்டில் போட்டால் டமார். எஸ்பி-220-இல் 200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் எட்டு தொடராக இருக்கின்றன, மொத்தம் 25 மைக்ரோஃபாரட். 3,000 வோல்ட்டில் அதில் தேங்கியிருப்பது 112 ஜூல். வாயு வழியாக ஒரு பொறி பாய்ந்தால் அத்தனையும் மில்லிசெகண்ட் கணக்கில் வால்வுக்குள் இறங்கும். ஃபிலமென்ட் நெளிந்து கிரிட்டில் ஒட்டிக்கொள்ளும், மீட்டரும் கூடச் சேர்ந்து போகும். இதற்குத்தான் ஹை வோல்டேஜ் லைனில் 10 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுவது. கரன்டை 300 ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். இந்த டமாருக்குக் காரணம் வாயுவா, அல்லது விஎச்எஃப் அலைவரிசையில் லீனியர் தானாகவே ஊளையிடுவதா என்று ஹாம்கள் பல வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். நான் வாயு கட்சி.

வாயு ஏறிய வால்வைக் கண்டுபிடிக்க விளக்கை அணையுங்கள். கண்ணாடியின் உட்புறம் நீலமாக மினுங்கினால் பயமில்லை, எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது. பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவில் ஊதா நிற மூட்டமாகத் தெரிந்தால் அது வாயு. 807, 6146 போன்ற சின்ன வால்வுகளில் இன்னும் சுலபம். உள்ளே வெள்ளிக் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றே புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

பழைய 3-500இசட் வாங்குகிறவர்களுக்கு மல்டிமீட்டர் ஒன்று போதும். 1-க்கும் 5-க்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டும். கிரிட் 2, 3, 4 மூன்றிலும் இருக்கிறது. அங்கிருந்து ஃபிலமென்டுக்கு எதுவும் காட்டக்கூடாது. வால்வை நேராகப் பிடித்தும் கவிழ்த்தும் அளந்து பாருங்கள், ஏனென்றால் தொங்கிய ஃபிலமென்ட் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் தொடும். இதே காரணத்துக்காக இந்த வால்வை எப்போதும் நின்ற நிலையில்தான் பொருத்தவேண்டும், படுக்கவைத்து லீனியர் கட்டக்கூடாது. லீனியரை ஊர் விட்டு ஊர் அனுப்பும்போது வால்வைக் கழற்றித் தனியாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். கார்பன் ஏற்றிய கம்பி குளிர்ந்திருக்கும்போது கண்ணாடி மாதிரி நொறுங்கும். சாக்கெட்டில் மாட்டியபடியே பார்சல் ஆபீஸில் இறங்கிய பெட்டிகள் வீட்டுக்கு வரும்போது உள்ளே கலகலவென்று சத்தம் போடும்.

வந்த வால்வை முதல் இரவு முழுக்க ஃபிலமென்ட் மட்டும் எரியவிடுங்கள், ஃபேன் ஓடட்டும். மறுநாள் குறைந்த ஹை வோல்டேஜில் கொஞ்ச நேரம், பின்பு முழுசாக, பிளேட் மங்கலாகச் சிவக்கும் அளவுக்கு ஒரு சில நிமிடம். உபரி வால்வு வைத்திருப்பவர்கள் அதை அலமாரியிலேயே பூட்டிவைக்காமல் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஓடுகிற வால்வோடு இடம் மாற்றிப் போடுங்கள். எந்த வால்வு எப்போது மாறியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லீனியரின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறக்கப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.